வெங்காரமும் கனிமரமும்

பொற்கொல்லர் நகையைப் பற்றவைக்கும்போது இடும் வெங்காரத்தை நம்மவர் எல்லோரும் அறிவர். நாட்டு மருத்துவரின் மருந்துப் பெட்டியிலும் அதற்குத் தொன்றுதொட்டு இடம் உண்டு. ஆனால் பப்பாளியும் கொய்யாவும் திராட்சையும் செம்மையாகக் காய்ப்பதற்கு இன்றியமையாத ஒரு சத்து அந்த வெங்காரத்தினுள்ளே அடங்கியிருக்கிறது என்பதை உலகம் அறிந்துகொண்டு நூறாண்டுகளுக்குச் சற்று மேலாகிறது, அவ்வளவே. அச்சத்தின் பெயர் போரான்.

போரானின் வரலாறு விந்தையானது. பல நூற்றாண்டுக் காலம் அது வாணிபச் சரக்காக மட்டும் விளங்கிற்று. பின்னர்ப் பயிருக்கு நஞ்சு என்று பெயர் எடுத்தது. இறுதியில் பயிருக்கு உணவு என்று நிலைநாட்டப்பட்டது. நஞ்சு என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. உணவு என்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையே நிற்பது அளவு ஒன்றே. இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்ட விதத்தையும், பெங்களூரின் செம்மண் தோட்டங்களுக்கு அது எவ்வாறு பொருந்துகின்றது என்பதையும் இங்கே ஆராய்வோம். பெங்களூரில் குடியேறி, வீட்டின் பின்புறத்தில் நாலைந்து கனிமரங்களை வளர்த்துவரும் தமிழ் மக்களுக்கு இது பயன்படும் செய்தி; பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கும் இதில் கொள்ளத்தக்கது உண்டு.

வடமொழியில் டங்கணம் என்று வழங்கும் வெங்காரம், பண்டைக்காலத்தில் இமயத்திற்கு அப்பாலிருந்தே நம் நாட்டிற்கு வந்தது. திபெத்து நாட்டின் உப்பேரிக் கரைகளிலும், லடாக்கில் வெந்நீர் ஊற்றுகள் மலிந்த பூகா பள்ளத்தாக்கிலும் அது வெண்மையாகப் படிந்து கிடக்கும். அதனைத் திரட்டிச் சிறு பைகளில் கட்டிச் செம்மறியாடுகளின் முதுகிலும் வெள்ளாடுகளின் முதுகிலும் ஏற்றி, உயர்ந்த கணவாய்களைக் கடந்து வணிகர் இந்தியச் சந்தைகளுக்குக் கொணர்ந்தனர். இங்கிருந்து அது மேற்கு நாடுகளுக்கும் சென்றது. அதனைத் தூய்மை செய்யும் முறையை வெனிஸ் நகரத்தார் நெடுங்காலம் தம்முள்ளேயே மறைத்துக் காத்தனர். பின்னர் அத்தொழில் ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. 1777-இல் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியிலுள்ள வெந்நீர்க் குட்டைகளில் போரிக் அமிலம் இருப்பதை ஹோஃபர் என்பவர் கண்டார். 1808-இல் இங்கிலாந்தில் டேவியும், பிரான்சில் கே-லுசாக், தெனார் என்னும் இருவரும் போரான் என்ற தனிமத்தைப் பிரித்துக் காட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியப் பாலைநிலங்களில் பெரும் படிவங்கள் கிடைத்த பின்னர், ஆட்டு முதுகில் வந்த இமயத்துச் சரக்கின் மதிப்புக் குன்றிவிட்டது. இன்று உலகின் மிகப் பெரிய போரான் படிவங்கள் துருக்கியில் உள்ளன. ஒரு காலத்தில் தன் சந்தைகளின் வழியே உலகிற்கு வெங்காரம் அனுப்பிய இந்தியா, இன்று தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வருவித்துக்கொள்கிறது.

இந்நெடிய காலத்தில் வெங்காரத்திற்கும் வேளாண்மைக்கும் தொடர்பு உண்டென்று எவரும் கருதினாரில்லை. தாவரங்களின் சாம்பலில் போரான் சிறிதளவு காணப்படுவதை இரசாயன நூலார் அறிந்திருந்தனர். எனினும், நிலத்திலிருந்து தற்செயலாக ஏறிய பொருள் என்று எண்ணி விட்டுவிட்டனர். 1910-ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டு அகுலோன் என்பவர், மிகச் சிறிய அளவில் போரான் கொடுத்தால் பயிர் செழிக்கிறது என்று எழுதினார். ஆயினும் நஞ்சு என்ற எண்ணமே வலுப்பெற்றிருந்தது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய வினிஃபிரட் பிரெஞ்ச்லி என்ற அம்மையார், 1914-இல் வெளியிட்ட நூலில், பயிருக்கு நஞ்சாகவும் ஊக்கியாகவும் செயற்படும் கனிமப் பொருள்களின் வரிசையிலேயே போரானையும் வைத்து ஆராய்ந்தார்.

அந்த அச்சத்தை மெய்ப்பிப்பதுபோல அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த பொட்டாசு உரம் நின்றுபோயிற்று. அமெரிக்கர் தம் நாட்டிலேயே பொட்டாசு தேடிக் கலிபோர்னியாவின் சியர்ல்ஸ் ஏரி என்ற உப்பேரியிலிருந்து அதனை எடுக்கத் தொடங்கினர். அந்த உப்பிலே வெங்காரமும் கலந்திருந்தது. 1919-இல் அவ்வுரம் இட்ட வயல்கள் சிலவற்றில் உருளைக்கிழங்கும் பிற பயிர்களும் முளைப்பதற்கே திணறின. முளைத்தவையும் வெளிறிக் கருகின. உரம் என்று நம்பி இட்டது நஞ்சாக முடிந்ததன் காரணத்தை ஆராய்ந்து, வெங்காரமே குற்றவாளி என்று கண்டனர். அதன்பின் உரத்திலுள்ள வெங்காரத்தை நீக்கும் முறைகள் கையாளப்பட்டன.

இங்ஙனம் போரானுக்கு நஞ்சு என்ற பெயர் நிலைத்துவிட்ட நான்கே ஆண்டுகளில், அதே ராதம்ஸ்டெட் நிலையத்திலிருந்து மறுமொழி வந்தது. அங்கே கேத்தரின் வாரிங்டன் என்ற இளம் பெண்மணி அவரை வகைகளை நீரில் வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார். தந்தையாரும் அந்நிலையத்தில் பெயர் பெற்ற இரசாயன அறிஞராக இருந்தவரே. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து முதலியவை எல்லாம் குறைவற இருந்தும், போரான் சிறிதும் இல்லாத நீரில் வளர்ந்த செடிகள் நுனி கருகி மடிந்தன. ஓரணுவளவு போரிக் அமிலம் சேர்த்த நீரில் வளர்ந்தவை பூத்துக் காய்த்தன. வேறு எப்பொருளைக் கொடுத்தும் போரானின் குறையை ஈடுசெய்ய இயலவில்லை. இதனை 1923-இல் அவர் வெளியிட்டார். 1926-இல் அமெரிக்காவில் சோமர், லிப்மன் என்னும் இருவர் வேறு பல பயிர்களுக்கும் இஃது உண்மையே எனக் காட்டினர்.

ஆய்வுக்கூடத்தில் பிறந்த இவ்வறிவு பத்தாண்டுகளுக்குள் தோட்டத்திற்கு வந்தது. ஐரோப்பாவில் சர்க்கரைக் கிழங்கின் நடுக்குருத்து அழுகும் நோய், எந்தக் கிருமியாலும் வருவதன்று. போரான் குறைவால் வருவதே என்று 1931-இல் பிராண்டன்பர்க் என்பவர் கண்டார். நியூசிலாந்திலும் கனடாவிலும் ஆப்பிள் பழங்களின் உட்சதை தக்கைபோலாகிப் பயனற்றுப் போவதை உழவர் பல்லாண்டுகளாகக் கண்டு வருந்தியிருந்தனர். மரம் பார்ப்பதற்கு நன்றாயிருக்கும். பழத்தை அறுத்தால்தான் கேடு தெரியும். 1930-களின் நடுவில் அம்மரங்களுக்குச் சிறிதளவு வெங்காரம் இட்டவுடன், அந்நோய் நீங்கிற்று. கனிமரத்தையும் வெங்காரத்தையும் ஒருசேர வைத்துப் பேசும் வழக்கம் அப்போதுதான் உண்டாயிற்று.

போரான் மரத்தினுள்ளே என்ன செய்கிறது? செடியின் உயிரணுக்களைச் சுற்றிச் சுவர்போல் அமைந்திருக்கும் உறையில் பெக்டின் என்ற பசைப்பொருள் உண்டு. அப்பசையின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் பாலமாகப் போரான் நிற்கிறது. இதனை 1996-இல் ஜப்பானிய அறிஞரும் அமெரிக்க அறிஞரும் தெளிவாக நிறுவினர். செங்கற்களின் இடையே சாந்து இல்லாவிட்டால் சுவர் எவ்வாறு நிற்காதோ, அவ்வாறே போரான் இன்றிப் புதிய உயிரணுக்கள் ஒழுங்காக அமைவதில்லை. ஆகவேதான் வளரும் நுனிகளிலும், பூவிலும், பிஞ்சிலும் முதலில் குறை தெரிகிறது. மேலும், மகரந்தத்தூள் சூல்முடியில் விழுந்து மெல்லிய குழலாக நீண்டு சூலைச் சென்றடைவதற்கும் போரான் வேண்டும். அது இல்லாதவிடத்துப் பூ உதிரும், காய் பிடித்தாலும் விதை நிரம்பாது, காய் கோணலாகும். இன்னொன்றும் கருதத்தக்கது. வேர் உறிஞ்சிய நீரோடு போரான் இலைக்கு ஏறுகிறது. ஆப்பிள் போன்ற சில மரங்கள் நீங்கலாக, பெரும்பாலானவற்றில் இலைக்குச் சென்றது மீண்டு பிஞ்சுக்கு வருவதில்லை. ஆதலால் பழைய இலையில் எவ்வளவு இருந்தாலும் புதிய பிஞ்சுக்குப் பயன் இல்லை. வேரின் அருகே அது நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இனிப் பெங்களூருக்கு வருவோம். இந்நகரின் மண் எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் லால்பாக் தோட்டத்தின் நடுவேயுள்ள பாறைக்குன்றைப் பார்த்தாற் போதும். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுத் தொன்மை வாய்ந்தது அப்பாறை. அதுபோன்ற பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உண்டானதே சுற்றுவட்டாரத்துச் செம்மண். இத்தகைய பாறையில் பிறந்த மண்ணில் இயல்பாகவே போரான் குறைவு. உள்ள சிறிதும் போரிக் அமிலமாக நீரில் கரைந்து நிற்கும். மற்றச் சத்துகள் பலவற்றை மண்துகள் மின்னேற்றத்தால் பற்றி நிறுத்திக்கொள்கிறது. போரிக் அமிலத்திற்கோ அத்தகைய மின்னேற்றம் இல்லை. ஆதலால் நல்ல மழை பெய்தால் அது கீழிறங்கி வேருக்கு எட்டாமற் போய்விடுகிறது. அதனைத் தடுத்து நிறுத்தி வைப்பது பெரும்பாலும் மண்ணிலுள்ள மக்கிய தழையும் எருவுமே ஆகும். மக்கு மிகுந்த மேல்மண்ணே இங்குப் போரானின் களஞ்சியம். வேனிலில் அம்மேல்மண் உலர்ந்துவிட்டால் களஞ்சியத்தின் கதவும் அடைபட்டுவிடும். மழை மிகுந்தாலும் குறைவு, மழை பொய்த்தாலும் குறைவு என்ற இரட்டை இடர் இதனால் விளைகிறது.

இப்படிப்பட்ட மண்ணிலே பெங்களூர் எவ்வாறு தோட்ட நகரம் ஆயிற்று? 1760-இல் ஐதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். திப்பு சுல்தான் தொலைநாடுகளிலிருந்து செடிகளையும் விதைகளையும் வருவித்து அதனை விரிவாக்கினார். அக்காலத்திலும் அதற்கு முன்னரும் இந்நகரின் தோட்டங்களை வளர்த்தவர்களுள் தலைசிறந்தவர் திகளர் என்னும் குலத்தினர். அவர்களுடைய முன்னோர் தமிழ் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று கூறும் மரபு உண்டு. திரௌபதியம்மனைப் போற்றித் தர்மராயசாமி கோயிலில் ஆண்டுதோறும் சித்திரையில் அவர்கள் எடுக்கும் கரகத் திருவிழா பெங்களூரின் பெருவிழாக்களுள் ஒன்று. இன்று இந்நகரில் வாழும் தமிழர்க்கு, நமக்கு முன்னரே நம் நாட்டு மரபினர் இம்மண்ணைப் பண்படுத்தினர் என்பது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

அவர்களும் சுற்றுப்புறத்து உழவர்களும் போரான் என்ற பெயரை அறிந்தவரல்லர். ஆனால் ஏரிகளை அறிந்திருந்தனர். கோடையில் ஏரி வற்றியதும் அதன் வண்டலை வெட்டி வண்டிகளில் ஏற்றி வயலுக்கும் தோட்டத்திற்கும் அடிப்பது இத்தக்காண நாட்டில் நெடுங்கால வழக்கம். மழை எந்த மேல்மண்ணையும் மக்கையும் அடித்துக்கொண்டு போயிற்றோ, அதே மேல்மண் ஏரியில் தங்கி, வண்டி ஏறி மீண்டும் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தது. மாட்டு எருவும் இலைச் சருகும் அதனோடு கூடின. நுண்சத்துகள் யாவும் பெயர் தெரியாமலே ஒரு வட்டமாகச் சுற்றி வந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தோட்டக் கலை மேலும் வளர்ந்தது. 1809-இல் ஆங்கிலேயர் தம் படையைப் பெங்களூரில் நிறுவியபோது, படையோடும் படைக்கு வேண்டிய தொழில்களோடும் தமிழர் பலர் வந்து அல்சூர் முதலிய பகுதிகளில் குடியேறினர். பரந்த வளவுகளோடு கூடிய பங்களாக்கள் எழுந்தன. 1874 முதல் 1908 வரை லால்பாக்கின் பொறுப்பை ஏற்றிருந்த ஜான் கேமரன் பல வெளிநாட்டுக் காய்கனிகளை இங்குப் பழக்கினார். நாம் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று வழங்கும் சௌசௌ அவர் கொணர்ந்தவற்றுள் ஒன்று. அவருக்குப் பின் வந்த குரும்பிகல் நகரின் வீதிகளையும் பூங்காக்களையும் மரங்களால் அணிசெய்தார். வடக்கே தேவனஹள்ளிப் பம்பளிமாசும், பெங்களூர் நீலம் என்னும் கருந்திராட்சையும் புகழ் பெற்றன. அவ்விரண்டும் பின்னாளில் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

மண்ணை விஞ்ஞான முறையில் ஆராயும் பணி இந்நகரில் தொடங்கியது 1899-இல் ஆகும். மைசூர்ச் சமஸ்தானத்தின் அரசப் பிரதிநிதியாக விளங்கிய மகாராணி கெம்ப நஞ்சம்மணியார் ஹெப்பாளத்தில் 30 ஏக்கர் நிலத்தை வழங்கினார். மண்ணுக்கும் பயிருக்கும் உள்ள தொடர்பை ஆராய லேமன் என்ற இரசாயன அறிஞர் அமர்த்தப்பட்டார். பின்னர் வந்த லெஸ்லி கோல்மன், பயிர் நோய் ஆராய்ச்சியையும் வேளாண்மைக் கல்வியையும் அங்கே வேரூன்றச் செய்தார். லேமன் ஹெப்பாளத்து மண்ணைச் சோதித்த காலத்தில், பயிருக்குப் போரான் வேண்டும் என்பது உலகில் எவர்க்கும் தெரியாது. அதற்கு இன்னும் 24 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

அறிவு வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் பழைய வட்டம் உடையத் தொடங்கிற்று. நகரம் பெருகப் பெருக ஏரிகள் மறைந்தன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவ விளையாட்டரங்கம் ஆயிற்று. வண்டல் வெட்ட ஏரியும் இல்லை. எருவுக்கு மாடும் அருகிவிட்டது. சருகைக் குவித்து எரிப்பது வழக்கமாயிற்று. அவற்றுக்கு ஈடாகக் கடையில் விற்கும் உரங்கள் வந்தன. அவை தழை, மணி, சாம்பல் என்னும் மூன்று பெருஞ்சத்துகளை மட்டுமே தருவன. பெருஞ்சத்துகள் கிடைத்து மரம் விரைந்து வளரும்போது நுண்சத்தின் தேவையும் மிகுகிறது; அதுவோ மண்ணில் இல்லை. மேலும் வீடு கட்டும்போது சிந்திய சுண்ணமும் சிமெண்டுக் கழிவும் தோட்ட மண்ணில் கலக்கின்றன. சுண்ணத்தன்மை ஏறிய மண் உள்ள போரானையும் இறுகப் பற்றிக்கொண்டு வேருக்குத் தர மறுக்கிறது. புது மனைகளில் வைத்த பப்பாளி இலையளவில் செழித்தும் காயளவில் ஏமாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

இக்குறையை அறிந்து தீர்க்கும் முயற்சிகளும் இந்நகரிலேயே தோன்றின. 1964-இல் பெங்களூரில் வேளாண்மை விஞ்ஞானப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1967-இல் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கிற்று. அதே 1967-இல்தான் நாடெங்கும் மண்ணின் நுண்சத்துகளை ஆராயும் ஒருங்கிணைந்த திட்டத்தை இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் மேற்கொண்டது. ஹெசரகட்டா நிலையத்தார் வாழை, மா, எலுமிச்சை இனம், காய்கறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நுண்சத்துக் கலவைகளை அமைத்து, இலைமீது தெளிக்கும் முறையைப் பரப்பினர். 2009-இல் கர்நாடக அரசு, ஐதராபாத்திற்கு அருகிலுள்ள இக்ரிசாட் என்னும் அனைத்துலக நிலையத்தின் துணையுடன் பூசேதனம் என்ற இயக்கத்தைத் தொடங்கிற்று. உழவர் நிலங்களில் எடுத்த மண்ணைச் சோதித்தபோது, போரான், துத்தநாகம், கந்தகம் ஆகிய மூன்றும் பரவலாகக் குறைந்திருப்பது வெளியாயிற்று. 2015-இல் நடுவண் அரசு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் சோதிக்கப்படும் 12 இயல்புகளில் போரானும் ஒன்றாக இடம்பெற்றது.

இனித் தோட்டம் வைத்திருப்போர் அறியவேண்டிய அடையாளங்களைக் கூறுவோம். பப்பாளியில் போரான் குறைந்தால் காயின் மேற்புறம் மேடும் பள்ளமுமாக முண்டு முண்டாகத் தோன்றும், காயிலிருந்து தானாகவே பால் கசியும், விதை நிரம்பாது, பூக்கள் மிகுதியாக உதிரும். கொய்யாக்காய் சிறுத்து வெடிக்கும். திராட்சைக் குலையில் பெரிய மணிகளோடு விதையற்ற சிறு மணிகள் கலந்து நிற்கும். தென்னங்கன்றின் இளம் ஓலைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு நுனி கொக்கிபோல் வளையும். ஆனால் காய் கோணலாயிருப்பதெல்லாம் போரான் குறைவே என்று முடிவு கட்டிவிடலாகாது. பப்பாளிக்கு வளையப்புள்ளி என்ற நச்சுயிரி நோய் வருவதுண்டு. அந்நோயில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி உருக்குலையும். காயின்மீது வளையம் வளையமாகப் புள்ளிகள் காணப்படும். அதற்கு வெங்காரம் மருந்தாகாது. நோய்ப்பட்ட மரத்தை அகற்றுவதே மற்ற மரங்களைக் காக்கும் வழி.

ஆகவே முதற்கடமை மண்ணைச் சோதிப்பதே. மண்ணை வெந்நீரில் கொதிக்கவைத்து, அதில் கரைந்து வரும் போரானை அளப்பது 1939-இல் அமெரிக்க அறிஞர் பெர்கரும் துரோகும் வகுத்த முறை. இன்றும் ஆய்வுக்கூடங்கள் அதனையே பெரிதும் பின்பற்றுகின்றன. ஒரு கிலோ மண்ணில் அரை மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் பற்றாக்குறை என்பது பொதுவான கணக்கு. தோட்டத்தில் நாலைந்து இடங்களில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து கொடுத்தாற் போதும்.

குறைவு உறுதியான பின்னர் எவ்வளவு இடுவது? இங்கேதான் நம்மவர் பலர் தடுமாறுகின்றனர். மானாவாரி நிலங்களுக்கு இக்ரிசாட் நிலையத்தார் கூறிய அளவு, ஒரு ஹெக்டேருக்கு அரைக் கிலோ போரான். அதுவும் இரண்டாண்டுக்கு ஒருமுறை. வெங்காரத்தில் நூற்றுக்கு 11 பங்கே போரான். ஆகவே ஹெக்டேருக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ வெங்காரம் ஆகிறது. பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது என்று சொல்லப்படும் மனை 1,200 சதுர அடி கொண்டது. அதாவது 111 சதுர மீட்டர். மனையில் வீடே இல்லாமல் முழுவதும் தோட்டமாக இருந்தாலும், இக்கணக்கின்படி 50 கிராம் வெங்காரம் போதுமானது. ஒரு சதுர மீட்டருக்கு அரைக் கிராமும் ஆகாது! அந்த 50 கிராமையும் ஒருவர் ஆர்வ மிகுதியால் ஒரே மரத்தின் அடியில் ஒரு சதுர மீட்டரில் கொட்டிவிட்டால், நூறு மடங்குக்கு மேல் இட்டவர் ஆவார். 1919-இல் அமெரிக்க உழவர் பட்ட பாட்டைத் தம் தோட்டத்திலேயே அவர் காண நேரும். கனிமரங்களுக்கு அளவு மரத்தின் இனத்தையும் வயதையும் பொறுத்து மாறும் என்பது மெய்யே. எனினும் சிட்டிகைக் கணக்கில் சிந்திக்கவேண்டிய பொருள் இது. கைப்பிடிக் கணக்கில் சிந்திப்பது ஆகாது.

இலைமீது தெளிப்பது இதனினும் அச்சம் குறைந்த வழி. பப்பாளிக்குக் கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறும் முறை வருமாறு: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் போரிக் அமிலமும், ஐந்து கிராம் துத்தநாக சல்பேட்டும் கரைத்து, நட்ட நான்காம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் தெளித்தல் வேண்டும். போரிக் அமிலம் என்பது கேரம் பலகையில் தூவும் வெண்பொடியாக நமக்கு அறிமுகமானதே. ஆயினும் உட்கொண்டால் தீங்கு தரும் பொருள் ஆதலின், குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு வைத்தல் கடமை.

குறைவையும் மிகையையும் வேறுபடுத்தி அறிய எளிய விதி ஒன்று உண்டு. குறைவு கொழுந்திலும் பிஞ்சிலும் தோன்றும். மிகை முதிர்ந்த இலையின் விளிம்பிலும் நுனியிலும் கருகலாகத் தோன்றும். இலைக்கு ஏறிய போரான் அங்கேயே தங்கிவிடுவதால் விளிம்பில் குவிந்து சுடுகிறது. அத்தகைய கருகலைக் கண்டால் போரான் இடுவதை நிறுத்தி, நல்ல நீரை நிறைய விட்டு, மண்ணிலுள்ளதைக் கீழே இறங்கச் செய்தல் வேண்டும்.

பாய்ச்சும் நீரையும் மறத்தலாகாது. 1920-களின் இறுதியில் தென் கலிபோர்னியாவில் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகள் கருகியதற்குப் பாசன நீரிலிருந்த போரானே காரணம் என்று கண்டறிந்தனர். லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் வரை போரான் உள்ள நீரால் பொதுவாகத் தீங்கில்லை என்பது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தார் கருத்து. இன்று பெங்களூரின் அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்திற்கு விடுகின்றனர். நீரைச் சேமிக்கும் நல்ல முறை அது. ஆனால் சலவைப் பொடிகள் சிலவற்றில் போரான் சேர்ந்த பொருள்கள் இருக்கக்கூடும். வழக்கமான சுத்திகரிப்பு அதனை நீக்குவதில்லை. ஆகவே அத்தகைய நீரையே நாள்தோறும் பாய்ச்சுவோர் மண்ணோடு நீரையும் சோதித்த பின்னரே போரான் இடுவது அறிவுடைமை.

பெங்களூருக்கு அப்பால் வாழும் தமிழர்க்கும் ஒரு சொல். வங்காளம், பீகார், ஒரிசா, அஸ்ஸாம் ஆகிய கிழக்கு மாநிலங்களின் மண்ணில் போரான் குறைவு மிகுதியாகக் காணப்படுகிறது. இராசஸ்தானம், குசராத்து போன்ற வறண்ட பகுதிகளிலோ, உவர்க்கிணற்று நீரில் அது மிகையாக இருப்பதும் உண்டு. ஓர் ஊரில் மருந்தாவது மற்றோர் ஊரில் நஞ்சாகும். சென்னையிலிருந்து உறவினர் எழுதும் உர அளவைக் கல்கத்தாவிலும் செயப்பூரிலும் அப்படியே பின்பற்றுதல் தகாது. குடியேறிய ஊரின் மொழியையும் வழக்கத்தையும் கற்றுக்கொள்வதுபோல, அவ்வூர் மண்ணின் இயல்பையும் கற்றுக்கொள்ள வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் கூறினர். வெங்காரத்தின் வரலாறு அம்மொழிக்குச் சான்று. ஆயினும் அவர்கள் சொல்லாமற் செய்து காட்டிய மற்றொன்றும் உண்டு. வண்டலையும் எருவையும் சருகையும் மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தவர்கள், பெயர் அறியாத சத்தையும் காத்து வைத்தனர். இன்று ஏரி வண்டல் நமக்கு எளிதில் கிட்டாது. ஆனால் தோட்டத்துச் சருகையும் அடுக்களைக் கழிவையும் ஒரு மூலையில் மக்கவைத்து மரத்தின் அடியில் இடுவதற்கு எவ்வூரிலும் தடையில்லை. மக்கு நாள்தோறும் ஊட்டும் உணவு. வெங்காரம் வேண்டும்போது மட்டும் அளந்து கொடுக்கும் மருந்து. இரண்டையும் முறையறிந்து கையாள்வோமாயின், திகளர் பண்படுத்திய செம்மண் நம் கையிலும் நற்கனி தரும்.